ஏரியிலிருந்து அறுநூற்று இருபது மீட்டர்

1978 ஜூன், திங்கட்கிழமை. காலை 10.15. அம்பத்தூரில் மின் திட்டங்களைப் பரிசீலிக்கும் அலுவலகத்தில் கோப்பைத் திறந்த அதிகாரி பார்த்தசாரதி திகைத்தார். வரைபடம் மாறியிருந்தது.

மேனாம்பேட்டுப் பக்கம் எண்ணெயில் ஓடும் மின் நிலையம் கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ஏரித் தண்ணீருக்கு ஐந்நூறு மீட்டருக்குள் வந்தால், புகையும் கழிவும் என்ன செய்யும் என்று ஆராய்ந்த பிறகே அனுமதி என்பது விதி. முன்பு அவர் பார்த்த படத்தில் தூரம் முந்நூற்றுப் பத்து மீட்டர். இதில் அறுநூற்று இருபது. தேதி மட்டும் அதே ஜனவரி ஒன்பது.

கோப்பு இருந்த பீரோவின் சாவி குமாஸ்தா மனோகரனிடம் இருந்தது. ஒரு மணிக்குள் விளக்கம் இல்லையென்றால் போலீஸ் என்றார் அதிகாரி.

11.05. மனோகரனின் தகப்பனார் வீராசாமி சேதி கேட்டு வந்து சேர்ந்தார். முப்பது வருஷ ரயில்வே உத்தியோகத்தில் ஒரு மெமோகூட வாங்காதவர்.

“சாவி யார் கையிக்காச்சும் போச்சா?”

“இல்ல நைனா. ஊட்டுக்கு வந்தா ஆணியில மாட்டிடுவேன்.”

“வெளியாள் யாரு வந்தது?”

“ஒருத்தரும் வரல.”

முதல் படத்துக்காக அளந்த சர்வேயர் செங்கல்வராயனும் அங்கே இருந்தான். அவன் வீராசாமியின் மருமகன்.

“நான் அளந்தது முந்நூத்திப் பத்துதான் மாமா. இங்கயே குந்திக்கினு என் படத்தப் பாத்து மனோகரன் மாத்தி வரைஞ்சிருக்கான். சொல்லவே வாய் கூசுது.”

மகன் பொய் சொல்கிறானா? வீராசாமி புதுப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நிலையத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கட்டம். அதில் ‘வெள்ளரித் தோட்டம்’ என்று எழுதியிருந்தது. சைக்கிளை எடுத்தார்.

11.50. வற்றிக் கிடந்த ஏரிக்குள் அங்கம்மா வெள்ளரி பறித்துக்கொண்டிருந்தாள்.

“எப்போ போட்டது இது?”

“தண்ணி வத்தினப்புறந்தான் அண்ணாத்தே. பொங்கலுக்கு இங்க கழுத்து மட்டும் தண்ணி. வெள்ளரி இன்னா மீனா, நீஞ்சிக்கினே காய்க்க?”

“அளக்க யாராச்சும் வந்தாங்களா?”

“போன மாசம் ஒன் மருமவன்தான் சங்கிலி இஸ்துகினு வந்தாரு. முந்தாநேத்தும் வந்து, மாமனார் ஊட்டுக்குன்னு பை நெறைய பிஞ்சு வாங்கிக்கினு போனாரே.”

அந்தப் பிஞ்சை உப்புத் தொட்டுத் தின்றவர்களில் வீராசாமியும் ஒருவர்.

12.40. வீராசாமி அலுவலகத்துக்குத் திரும்பி, படத்தில் அந்தக் கட்டத்தை அதிகாரிக்குக் காட்டினார்.

“குந்திக்கினு மாத்துறவனுக்கு வெள்ளரி எப்டி சார் தெரியும்? கோடையில ஏரிக்குள்ள எறங்கி அளந்த படம் இது. அளவு நெசம், தேதி பொய். ஜனவரில அந்த எடம் பூரா தண்ணி. சனிக்கெழம சாவி ஆணியில தொங்கசொல்ல ஊட்டுக்கு வந்து அத எடுத்தவரு இவரு. மருமவன வெளியாளுன்னு நாங்க யாரும் எண்ணல.”

செங்கல்வராயன் தலையைக் குனிந்துகொண்டான். “கம்பெனிக்காரங்க பெரிய வேல தரேன்னாங்க மாமா.”

‘ஆய்வு தேவை’ என்று பார்த்தசாரதி கோப்பில் எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்க மகன் பேர் தப்பிச்சுடுச்சு. மத்ததைக் குடும்பத்துக்குள்ளேயே முடிச்சுக்கலாமே?”

வீராசாமி உட்காரவில்லை.

“எழுதுங்க சார். அவன் எனக்கு இன்னா மொறைன்னும் சேத்து எழுதுங்க.”