கமராவுக்குத் தெரியாத கட்டில்

றொசானாவின் அப்பா றெனால்ட் வேலை நேரத்தில் மேலே இஸ்திரி போட்ட சட்டை அணிவார். கீழே சாரம்தான். ஏனென்றால் அவருடைய கந்தோர், மன்னாரில், கீரிக் கடற்கரையில் இருந்த அவர்கள் வீட்டு அறைக்குள்ளேயே இருந்தது. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மடிக்கணினி. அவ்வளவுதான் கந்தோர்.

அவர் வேலை செய்த கொம்பனி லண்டனில் இருந்தது. கூட்டம் என்றால் திரையில் ஏழெட்டு முகங்கள் வந்துவிடும். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பெரிய யன்னல். யன்னலுக்கு வெளியே கடல். அதைப் பார்த்ததும் லண்டன்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். எங்களுக்கும் இப்படி ஒரு கடற்கரை கிடைக்காதா என்று அப்பாவைச் சீண்டுவார்கள்.

ஒருநாள் நல்ல கூட்டத்தின் நடுவே ஒரு கழுதை யன்னலுக்குள் தலையை நீட்டிக் கத்தியது. மன்னார்க் கழுதைகளுக்கு லண்டனாவது, கூட்டமாவது. திரையில் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கூட்டம் முடிந்ததும் அந்தச் சிரிப்பும் முடிந்துவிட்டது.

றொசானா அதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரைக்கு முன்னால் மட்டும் சிரிக்கிற அப்பாவைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

உண்மையில் அவர்கள் கடற்கரைக்கு உல்லாசமாக இருக்க வரவில்லை. அம்மாவுக்கு நோய் முற்றி வருத்தம் கூடியபோது, "என்னை என்ர ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கேட்டார். அதனால்தான் மூவரும் கொழும்பிலிருந்து கீரிக்கு வந்தார்கள். ஆவணி மாதம் அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்த அடுத்த கிழமையே அப்பா மடிக்கணினியைத் திறந்துவிட்டார். வேதக் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சேமக்காலையில்தான் அம்மாவின் கல்லறை. அப்பா அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இன்று சகல ஆன்மாக்களின் நாள். பின்னேரம் ஊரே சேமக்காலைக்குப் போகும். அவரவர் கல்லறையில் பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திச் செபிப்பார்கள்.

அம்மாவின் தங்கை யசிந்தா காலையிலேயே ஒரு பெட்டி மெழுகுதிரியோடு வந்துவிட்டார்.

"புதுக் கல்லறை, பிள்ளை. முதல் மெழுகுதிரியை அப்பாதான் கொளுத்த வேணும். கட்டாயம் கூட்டிக்கொண்டு வா."

"ஓம், சின்னம்மா."

றொசானா அப்பாவிடம் கேட்டாள். "வாறன், பிள்ளை" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னேரம் அவள் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, பூவோடு வந்து நின்றாள். அப்பா சாரத்தோடு கதிரையில் இருந்தார்.

"திடீரெண்டு ஒரு கூட்டம் வந்திட்டுது. நீ சின்னம்மாவோட போ."

"வாறனெண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். பார்த்தீபன் கூப்பிடுறார். அவர்தான் எங்கட மேலாளர். என்ன சொல்லி மறுக்கிறது?"

"அம்மாவிட்டப் போக வேணுமெண்டு சொல்லுங்கோ."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அவையளுக்கு அம்மாவைப் பற்றித் தெரியாது, பிள்ளை."

"நீங்கள் சொல்லேல்லையோ?"

"சொல்ல வாய் வரேல்ல."

அவர் கூட்டத்துக்கான பொத்தானை அழுத்திவிட்டு, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனார். றொசானாவுக்குக் கால் சோர்ந்தது. அப்பாவின் கதிரையில் ஏறி இருந்தாள். இதற்கு முன் அவள் அதில் இருந்ததே இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கடல் தெரியவில்லை. அது முதுகுக்குப் பின்னால் இருந்தது. நேர் எதிரே, அம்மா கடைசிவரை படுத்திருந்த கட்டில் தெரிந்தது. தலையணையும் மடித்த போர்வையும் அப்படியே இருந்தன. நாள் முழுதும் அப்பா இதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். இதைப் பார்த்துக்கொண்டுதான் சிரிக்கவும் செய்கிறார்.

அப்போது திரையில் ஒரு முகம் வந்தது. கண்ணாடி போட்ட, சிரித்த முகம்.

"ஆர் இது, றெனால்டின்ர மகளோ? நான் பார்த்தீபன். எப்பிடி, ஒவ்வொரு நாளும் கடல் குளிப்போ? இஞ்ச குளிரில விறைக்கிறம். நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

"ஓம், அங்கிள்" என்று சொன்னால் போதும். அப்பா இவ்வளவு நாளும் அப்படித்தான் சொல்லியிருப்பார். றொசானாவால் சொல்ல முடியவில்லை.

"அங்கிள், உங்களுக்குக் கடல் மட்டும்தானே தெரியுது. அப்பாவுக்கு என்ன தெரியுதெண்டு காட்டட்டோ?"

அவள் மடிக்கணினியை மெல்லத் திருப்பினாள்.

"இது அம்மாவின்ர கட்டில். அம்மா ஆவணியில செத்துப்போனா. இண்டைக்குக் கல்லறையில மெழுகுதிரி கொளுத்த வேணும். அப்பாவை விடுவீங்களோ?"

பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பார்த்தீபன் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

வாசலில் அப்பா தண்ணீர்க் கோப்பையோடு நின்றார்.

"ஏன் பிள்ளை சொன்னனீ?" அவர் குரலில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது. பயம்தான் அதிகம்.

"அவர் கேட்டவர், அப்பா. எனக்குப் பொய் சொல்ல ஏலாமல் போச்சு."

"றெனால்ட்" என்றார் பார்த்தீபன். "ஒண்டும் தெரியாமல் நாங்கள் பகிடி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறம். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அப்பா வந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்துவிட்டார்.

"சொல்லாமல் இருக்கிற வரைக்கும், உங்கட நினைப்பில நான் மனுசி பிள்ளையோட கடற்கரையில சந்தோசமா இருக்கிற ஆள். அங்கயெண்டாலும் அப்பிடி இருப்பமெண்டு நினைச்சன்."

பார்த்தீபன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"கூட்டத்தை நான் பாக்கிறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ. மகள் காத்துக்கொண்டு நிக்கிறா."

சேமக்காலை நிறைய ஆட்கள் நின்றார்கள். யசிந்தா சின்னம்மா ஒன்றும் கேட்காமல் தீப்பெட்டியை அப்பாவின் கையில் கொடுத்தார். இரண்டு குச்சிகளைக் காற்று அணைத்துவிட்டது. றொசானா காற்று வந்த பக்கமாகப் போய்க் குந்திக்கொண்டாள். மூன்றாவது குச்சியில் மெழுகுதிரி பற்றிக்கொண்டது.

அதைப் பார்த்ததும் அப்பா மணலில் முழங்காலில் விழுந்து அழுதார். அடக்கத்தன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. றொசானா "அழாதேங்கோ" என்று சொல்லவில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

செபம் சொல்லிக்கொண்டு வந்த பங்குச் சுவாமி அவர்கள் அருகில் நின்றார். அவர் ஊருக்குப் புதியவர்.

"இது ஆரின்ர கல்லறை?"

சின்னம்மா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெனிற்றா" என்றார். "என்ர மனுசி, சுவாமி. ஆவணியில செத்துப்போனா."

சுவாமி அந்தப் பெயரைச் சொல்லிச் செபித்தார். அப்பாவும் றொசானாவும் ஒன்றாக "ஆமென்" என்றார்கள்.