ஐஸ் பெட்டித் தாளம்

பட்டினப்பாக்கத்தில் ஏஞ்சலின் மவுத் ஆர்கன் சத்தம் கேட்காத வீடே கிடையாது. சாயங்காலம் ஆனால் அவள் வாசிப்பாள். அப்பா மரியசெல்வம் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் வைக்கும் ஐஸ் பெட்டியின் மூடியில் விரலால் தாளம் தட்டுவார். டொக்... டொக்...

அதெல்லாம் போன வருஷம். இப்போது அப்பா மஸ்கட்டில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். கிறிஸ்துமசுக்குக்கூட லீவு இல்லையாம்.

"நம்ம பாட்ட ரெக்கார்டு பண்ணி அனுப்பு கண்ணு. அதக் கேட்டாத்தான் எனக்குப் பண்டிகை" என்று போனில் சொல்லியிருந்தார்.

அப்பா விட்டுப்போன பழைய போனில் ஏஞ்சல் பதிவு செய்தாள். போட்டுக் கேட்டால், ஐயையோ! பாட்டு தலைதெறிக்க ஓடியது. மறுபடி வாசித்தாள். மறுபடியும் ஓட்டம்தான்.

"இந்த போன்ல மைக் சரியில்லம்மா. புது மைக் வேணும்."

மீன் விற்று முடித்த கையோடு, அம்மா அவளை மந்தைவெளியில் உள்ள உமர் ஃபாரூக்கின் செல்போன் கடைக்கு அழைத்துப் போனார்.

சட்டையில் மாட்டுவது, மேசையில் நிற்பது, பஞ்சுத் தொப்பி போட்டது என்று உமர் பாய் மைக்குகளைப் பரப்பினார். விலையைக் கேட்டதும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முதல்ல வாசிச்சுப் பாரு பாப்பா. அப்பால வாங்கு" என்றார் பாய்.

ஏஞ்சல் இருப்பதிலேயே நல்ல மைக்கில் வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று கேட்டது. அவள் ஓடிய ஓட்டமும் பளிச்சென்று கேட்டது.

பாய் சிரித்துவிட்டார். "மைக்கு சூப்பராக் கீது. நீ இன்னாத்துக்கு ரயிலப் புடிக்கப் போற மாதிரி ஓடுற?"

ஏஞ்சலுக்கு அழுகை முட்டியது. "நான் இப்படி வாசிக்க மாட்டேன் பாய்! இதக் கேளுங்க."

அம்மாவின் போனில் இருந்த போன வருஷத்துப் பதிவைப் போட்டாள். கடல் இரைச்சல், யாரோ குடத்தை வைக்கும் சத்தம், நடுவே அவளுடைய பாட்டு. துளிகூட அவசரமில்லை. கூடவே டொக்... டொக்...

ஏஞ்சலுக்கு அப்போதுதான் புரிந்தது. மைக்கின் மேல் ஒரு தப்பும் இல்லை. அப்பாவின் தாளம் இல்லாமல் அவள்தான் ஓடியிருக்கிறாள். அந்த நிமிஷமே அப்பாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"நான் வேணா தட்டட்டா?" என்றார் அம்மா.

"நீ தட்டுனா வஞ்சிரம் வெட்டுற மாதிரி இருக்கும்மா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏஞ்சல் பாயிடம் திரும்பினாள்.

"மைக் வேணாம் பாய். ஒயர் வெச்ச இயர்போன் ஒண்ணு குடுங்க. அம்மா போன்ல இந்தப் பழைய பாட்டு ஓடட்டும். ஒரு காதுல அப்பா தாளத்தக் கேட்டுக்கினே வாசிக்கிறேன். அப்பா போன்ல ரெக்கார்டு ஆவட்டும்."

"அட! என் வியாபாரத்துல மண்ணப் போட்டுட்டியே!" என்று சிரித்தபடி பாய் இயர்போனை எடுத்துக் கொடுத்தார். அதன் விலையைக் கேட்டு அம்மாவும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவின் போனை ஐஸ் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு ஏஞ்சல் வாசித்தாள். இந்த முறை பாட்டு ஓடவே இல்லை. உடனே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அப்பாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. ஆனால் பேச்சே இல்லை. ஏஞ்சலின் பாட்டுதான் கேட்டது.

"இன்னாடி இது? உன் பாட்டையே திருப்பி அனுப்பிக்கீறாரு?" என்றார் அம்மா.

ஏஞ்சல் இயர்போனை மாட்டிக்கொண்டு கவனித்தாள். பாட்டோடு சேர்ந்து, படகுப் பலகையில் யாரோ தட்டும் சத்தம். டொக்... டொக்... எங்கே விழ வேண்டுமோ, சரியாக அங்கே விழுந்தது.

"அம்மா! அப்பா தட்டுறாரும்மா!"

இயர்போனின் இன்னொரு பக்கத்தை அம்மாவின் காதில் வைத்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து போட்டாள் ஏஞ்சல்.