இரண்டாவது முனை

ஹொன்னம்மா எனக்குத் தர வேண்டியது முந்நூற்று நாற்பது ரூபாய். உகாதிக்குப் புருஷனுக்குச் செருப்பு வாங்கக் கேட்டாள்.

"அவருகிட்ட சொல்லிடாத ஹனுமா. கடன்னு தெரிஞ்சா கால்ல போடமாட்டாரு, தலையில தூக்கி வச்சுக்கிட்டு நடப்பாரு மகராசன்!"

பீன்யா தொழிற்பேட்டையில் டிரான்ஸ்ஃபார்மர் பட்டறையில் எங்களுக்கு வேலை. கீழே சோதனைக் கொட்டகையில் அவள். மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் அவள் புருஷன் லிங்கப்பா, பக்கத்தில் நான். கரண்ட் ஓடும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. அதனால் அவள் ஒயர் முனைகளை மாட்டிவிட்டு விலகிக்கொள்வாள். கீழே இருக்கும் மீட்டரை அவர் மேலிருந்தே இயக்குவார்.

மதியம் கரண்டை நிறுத்தியதும், மீட்டரின் இரண்டு முனைகளையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொள்வாள். அவள் உடம்பின் மின்தடையை அளந்து மேலே திரையில் ஓர் எண் வரும். ராகி முத்தை ஆறுது, சாப்பிட இறங்கி வாங்க என்று அர்த்தம். ஒரு முனையை விட்டாலும் திரையில் வெறும் கோடுதான்.

அன்றைக்கு எண் வந்தது, வந்தவுடன் மளமளவென்று இறங்கியது. கை வியர்த்தால் அப்படி இறங்கும்.

"இன்னைக்கு முத்தைக்கு ஊத்துற சாருல காரம் தூக்கல் போலடா," என்று லிங்கப்பா சிரித்தார்.

கோடு.

போய்ப் பார்த்தால் தரையில் கிடந்தாள். மாரடைப்பு. கூப்பிடக் குரல் வராமல், விழும்வரைக்கும் முனைகளைப் பிடித்திருக்கிறாள். சாப்பாட்டுப் பையில் புதுச் செருப்பு இருந்தது.

காரியம் முடிந்து லிங்கப்பா அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். மதியம் கொட்டகை பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில்.

திரையில் எண் வந்தது.

இறங்கியது.

அவர் ஓடினார். நான் பூட்டைத் திறப்பதற்குள் கோடு. உள்ளே யாருமில்லை. மேசைமேல் கிடந்த முனைகளைத் தொட்டேன்.

நனைந்திருந்தன.

தினமும் இதே கதை. தினமும் ஓடுவார், தினமும் பிந்திப்போவார்.

"கீழேயே காத்திருங்கண்ணா."

"பயமா இருக்குடா. நான் அங்க இருந்து, அவ வரலைன்னா?"

நேற்று தானாகவே எழுந்தார். "நீ திரையைப் பாரு" என்று என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். கதவு திறந்திருந்தால் மாடிச் சன்னல் வழியாகக் கொட்டகைக்குள் தெரியும். வலது கையில் ஒரு முனையை எடுத்துக்கொண்டார். இன்னொன்றைத் தொடவில்லை. இடது கையை வெறுமனே நீட்டினார், எதையோ கேட்பதுபோல.

கோடு.

கோடு.

எண்.

இறங்கவில்லை. அப்படியே நின்றது.

நீட்டியிருந்த அவர் விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன, வேறொரு கையைப் பிடிப்பதுபோல.

நான் கீழே போனபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லே ஹனுமா, இந்தச் செருப்புக்கு உனக்கு முந்நூத்தி நாப்பது தரணுமாமே. நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரிடம் எந்த வாயால் கேட்பேன்? நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

என் கையில் ரூபாயை வைத்து விரல்களை மடக்கிவிட்டார். அவர் கை உலர்ந்திருந்தது.

கடன் தீர்ந்தது. நோட்டுகள் மட்டும் சில்லென்று நனைந்திருந்தன.