அவன் வண்டிப் பாட்டு அவள் வண்டியில்

முதலில் ஒரு கரகரப்பு. அப்புறம் மர்ஜானா ஆசையாகப் போட்டிருந்த மெலடிக்கு நடுவே, சம்பந்தமே இல்லாமல் ஒரு குத்துப்பாட்டு புகுந்து கும்மாளம் போட்டது.

கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கொட்டுகிற மழை. அவளுடையது காலமான வாப்பா விட்டுப்போன பழைய மாருதி ஜென். அதன் ஸ்டீரியோவுக்குத் தெரிந்ததெல்லாம் கேசட்டும் ரேடியோவும்தான். போனில் இருக்கும் பாட்டை அதில் கேட்பதற்காக சிகரெட் லைட்டர் குழியில் ஒரு ப்ளூடூத் கருவியைச் செருகியிருந்தாள். போனில் ஓடுவதை அது ஒரு எஃப்எம் எண்ணில் அனுப்பும். ரேடியோ அதைப் பிடித்துப் பாடும். நேற்றுவரை ஒழுங்காகத்தான் பாடியது. இன்றைக்கு என்ன வந்தது இதற்கு?

ஜன்னலை யாரோ தட்டினார்கள். பின்னால் நின்ற ஆம்னி வேன்காரன்... தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. குடையாம் அது.

"ஏங்க, உங்க பாட்டு என் வண்டியில வந்து அழுவுது."

"உங்க பாட்டுதான் என் வண்டியில வந்து ஆடுது. நம்பரை மாத்துங்க."

"நான் போன நோன்புலேர்ந்து இந்த நம்பர்லதான் இருக்கேன்."

"பட்டா வச்சிருக்கீங்களோ?"

அவன் சிரித்துவிட்டான். இமையில் மழைத்துளி தொங்க, அதற்குக் கீழே அப்படி ஒரு சிரிப்பு... அதற்குப் பிறகு யாரால் சண்டையைத் தொடர முடியும், சொல்லுங்கள். மர்ஜானா அவசரமாக ஸ்டீரியோவைப் பார்த்துக்கொண்டாள்.

பெயர் சதக். கத்தாரிலிருந்து திரும்பி வந்து மண்டபத்தில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருந்தான்; கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் வழியாகத்தான் அங்கே போவான். அவளுக்கு ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. காலையில் இருவரும் மாட்டிக்கொள்வது அதே கேட்டில், அதே ரயிலுக்கு. இரண்டு பேரும் நம்பரை மாற்றவில்லை. ஒரு நாள் அவள் பாட்டு, மறுநாள் அவன் பாட்டு என்று பேசாமலே ஒரு ஒப்பந்தம் ஆகிவிட்டது. முறை இல்லாதவர் தன் கருவியைக் கழற்றிவிட்டு, பக்கத்து வண்டியிலிருந்து வருவதைக் கேட்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் அவன் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருப்பான். ரயில் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தால் என்ன குறைந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றும்...

தோன்றியதும் பயமும் வரும். அவள் ஒருமுறை கல்யாணம் ஆனவள். கீழக்கரை வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தான், மாடி அறையில் மூன்று மாதம் இருந்தான், துபாய்க்குப் போனான். போனவன் போனவன்தான். கடைசியில் ஜமாஅத்தில் பேசி அந்தக் கல்யாணத்தை முறித்து வைத்தார்கள். ஆம்பளை என்றால் ஒருநாள் விட்டுவிட்டுப் போகிறவன் என்று அவள் மனசு முடிவு கட்டியிருந்தது. அந்த முடிவைத்தான் சதக் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தான். தன் கதையை அவளே அவனிடம் சொல்லியும்விட்டாள். "உங்க வீட்டுல ஆள் அனுப்பிக் கேக்கட்டுமா?" என்று அவன் கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் சதக்கின் முறை. பாட்டு பாதியில் நின்றது. அவனுக்குப் போன் வந்திருக்கிறது... அவளுடைய ஸ்டீரியோவில் ஒரு பெண் குரல் அதட்டியது. அவனுடைய உம்மா.

"ஏலே சதக்கு, அந்த வீட்டுக்கா மாப்பிள்ளையாப் போகப் போற? இன்னொருத்தன் இருந்துட்டுப் போன ரூம்புல போயிப் படுப்பியா?"

அவன் பதில் கேட்கவில்லை. போனுக்கு வரும் குரலைத்தான் அந்தக் கருவி அனுப்பும்; இவன் பேசுவதை அனுப்பாது.

"என்ன சொன்ன? ...அந்த வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்னுட்டியா? அல்ஹம்துலில்லாஹ். இந்த ஒரு வார்த்தை போதும்ல எனக்கு..."

மர்ஜானா ஸ்டீரியோவை அணைத்தாள். கண்ணாடியில் அவன் என்னவோ கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் சதக்கின் மாமா பெண் கேட்டு வந்தார். உம்மாவிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊருக்கு நல்லபிள்ளை வேஷம் போடுகிறான் என்று நினைத்தாள். விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினாள். மறுநாள் கேட்டில் அவன் ஜன்னலோரம் வந்து நின்றான்.

"ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"வீட்டுல ஆம்பளை இல்லைன்னா யாரு வேணா வந்து கேட்டுடலாம்னு நெனச்சீங்களா?"

அவன் முகம் செத்துப்போனது. அவனுக்கும் ரோஷம் இருக்காதா? திரும்பித் தன் வேனுக்குப் போனான். அன்றிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள்.

அடுத்த மழைக்காலத்தில், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அவள் ஒதுங்கி நின்றபோது எதிரே அதே ஆம்னி வந்து நின்றது. இறங்கி வந்தவன் சுற்றி வளைக்கவில்லை.

"வார வெள்ளிக்கிழமை எனக்கு நிக்காஹ். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவள் சொன்னாள். உம்மா பேசியதை, தான் கேட்டதை, எல்லாவற்றையும்.

"போன் பேசுறதும் உங்க வண்டிக்கு வரும்னு எனக்குத் தோணவே இல்லை... அந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன், அங்கன இருந்தா அவங்களுக்குப் பழசு எல்லாம் ஞாபகம் வரும், மண்டபத்துல வீடு பாத்திருக்கேன், கூட்டிட்டுப் போயிடுறேன்னு சொன்னேங்க. மொதல் வார்த்தைக்கே உம்மா சந்தோஷப்பட்டுட்டாங்க. அதுக்கப்புறம் என்னைய வைஞ்ச வசவு இருக்கே... அதையாவது கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்துட்டேன்," என்றாள். "இன்னொரு தடவை விட்டுட்டுப் போறதைக் காதால கேக்க முடியாம அணைச்சிட்டேன். எனக்கு உங்களைப் புடிச்சிருந்துச்சு. இப்பவும் புடிச்சிருக்கு."

மழை இரைந்தது. அவன் கண்ணில் என்னென்னவோ வந்து போனது. ஒரு நிமிஷம்... அவன் கை அவள் பக்கம் நீளும் என்றுகூட அவள் நினைத்தாள். நீளவில்லை.

"ஏர்வாடிப் பொண்ணு. ருக்ஸானான்னு பேரு. அவளையும் ஒருத்தன் கட்டிட்டு விட்டுட்டுப் போயிருக்கான். கட்டுனா அப்படி ஒருத்தியைத்தான் கட்டுவேன்னு உம்மாகிட்ட நாந்தான் வீம்பா நின்னேன். அவ என்னைய நம்பிட்டா... இப்ப நான் அவளை விட்டுட்டு வந்தா, உங்களை விட்டுட்டுப் போனவனுக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?"

மர்ஜானா அவனை நிமிர்ந்து பார்த்தாள். விட்டுவிட்டுப் போகாத ஆம்பளையும் உலகத்தில் இருக்கிறான்.

"வராதீங்க," என்றாள். "நீங்க வரமாட்டீங்க... அதனாலதான் உங்களைப் புடிச்சிருக்கு."