காக்கைக்கல்லின் கிணறு

கிணற்றின் அடியில் கிழவர் யிரா உளியைக் கீழே வைத்த பிறகும் கல் வெட்டும் சத்தம் நிற்கவில்லை.

கிழவர் மேலேறி வந்து மூச்சு வாங்கினார். "அடியிலேயிருந்தும் யாரோ வெட்டுறாங்க, ஐயா."

"எலியா இருக்கும்" என்றான் செசெமா.

"எலிக்கு உளி யாரு குடுத்தா?"

அவன் சிரிக்கவில்லை. தந்தை இறந்து சொத்துப் பிரித்தபோது, அண்ணன் பாவோருக்குக் கோட்டையும் மீன்குளங்களும் போயின. அவனுக்கு இந்த மொட்டைப் பாறை. "அங்க போயி வம்சம் வளர்க்கப் போறியா? காக்காதான் வளரும்" என்று விருந்தில் எல்லோர் முன்னிலும் அண்ணன் சொன்னான். அந்த ரோஷத்தில்தான் செசெமா இங்கே கோபுரம் எழுப்பினான். காக்கைக்கல் என்ற அந்தப் பாறையின் பெயரையே தன் குடிப்பெயராக்கிக்கொண்டான். தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. அது கிடைத்தால்தான் நிறைமாத மனைவி ஓஃப்காவைத் தாய்வீட்டிலிருந்து அழைத்துவர முடியும். சத்தத்துக்குப் பயந்து, யிராவைத் தவிர மற்ற வேலையாட்கள் ஒவ்வொருவராக ஓடிவிட்டார்கள். பனி பாதையை மூடியபின் சாப்பாட்டு மேசையில் யாருமில்லாத எதிர்ப்பக்கமும் ஒரு கிண்ணம் தினைக்கஞ்சி வைத்துக்கொண்டு உண்ணப் பழகியிருந்தான்.

"என்னை இறக்கு, யிரா."

"வேண்டாங்க ஐயா. நான் வேலை பார்த்த சுரங்கத்துல இது கேட்டா நாங்க திரும்பிப் பார்க்காம ஏறிடுவோம்."

"உனக்கு ஏறிப் போக வீடு இருக்கு. எனக்கு இதுதான்."

வாளியில் நின்று அவன் இறங்க இறங்க, கயிறு முனகியது; விளக்கின் கொழுப்புப் புகையும் காய்ந்த கல்லின் மணமும் தொண்டையை அடைத்தன; தன் நிழல் தன்னைவிட மெதுவாகச் சுவரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போனான்; அடியிலிருந்து அந்தச் சத்தம், எந்த அவசரமும் இல்லாததுபோல், டொக், டொக் என்று வந்துகொண்டிருந்தது.

கால் தரையைத் தொட்டதும் சத்தம் நின்றது.

குனிந்து, யிரா விட்டுப்போன உளியால் ஒருமுறை தட்டினான். பதிலுக்கு ஒரு தட்டு. இத்தனை நாள் தனிமைக்கு யாரோ பதில் சொன்னதுபோல் நெஞ்சு குளிர்ந்தது. ஓங்கி அடித்தான். கல் உடைந்தது.

தண்ணீர் இல்லை. கைநுழையும் துளை. வெதுவெதுப்பான காற்று. தாய்ப்பால் மணம்.

கையை விட்டான்.

ஏதோ அவன் விரலைப் பற்றியது. பச்சைக் குழந்தையின் பிடி. அவன் கையை இழுக்கவில்லை. கண் கலங்கியது.

பிடி இறுகியது. இன்னொரு கை. இன்னொன்று. மணிக்கட்டில். முழங்கையில்.

"யிரா! தூக்கு!"

மேலே கயிற்றை இழுக்கும் உருளை அசையவில்லை. பனியில் ஓடும் காலடிகள்.

"அப்பா" என்றது ஒரு குரல். பிறகு பல. எண்ணமுடியாத பல.

விளக்கு அணையுமுன் பார்த்தான். துளையின் விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு சின்னஞ்சிறு விரல்கள். எல்லா நகங்களுக்கடியிலும் கல்தூசி.