மன்னருக்குப் போட்ட கடைசி மடிப்பு

முயல் நாழிகை, விடியும் நேரம். மலைக்கோயிலில் அங்கிப் பெட்டியைத் திறந்தார்கள். பூட்டு உடையவில்லை. உள்ளே சுற்றுத்துணி மட்டும் கிடந்தது. மன்னர் ஒருவரே உடுத்தக்கூடிய மஞ்சள் அங்கியைக் காணோம்.

காவல் அதிகாரி காகேமுனேயை விடாத மழையில் மலையேற வைத்தார்கள். முழங்கால் வலி உயிரை வாங்கியது. திருடர்களைப் பிடித்துப் பிடித்து அவருக்கே அலுத்துவிட்டது.

மலைக்கோயிலில் நேற்று இறந்தவர், ஒரே ஒரு கோடை அரியணையில் இருந்தவர். போரில் அவர் பக்கம் தோற்றதும் இறக்கிவிட்டார்கள். மன்னர் வரிசையில் அவரைச் சேர்ப்பதில்லை என்று அரண்மனை முடிவு செய்துவிட்டது. இளவரசராகத்தான் எரிக்க வேண்டும். அங்கி திரும்பிப் போக வேண்டும்.

"உச்சிப்பொழுதுக்குள்ள அங்கி வரணும். இல்லேன்னா பெட்டிக் காவல்காரன் தலை போகும்," என்றார் வாசலுக்கு வெளியே குடைக்கடியில் நின்ற தூதர் தோமோஹிரா.

பாம்பு நாழிகை, உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

"சாவி?"

"என் கழுத்தை விட்டு இறங்கலை ஐயா!" காவல்காரன் யசபுரோ அழுதான். "மூணு பிள்ளைங்க இருக்கு..."

"அழாதேப்பா, எனக்குத் தலைவலி. கடைசியா எப்போ திறந்தே?"

"போன கோடையில, காயப்போட. சிகுசாம்மா மடிச்சு வெச்சாங்க, நான் பூட்டினேன்."

"அங்கியைப் பார்த்தியா?"

"சுத்தின துணியைப் பார்த்தேன்."

சிகுசா, இறந்தவரைப் பிறந்த நாள் முதல் வளர்த்த செவிலி. சவத்தைக் குளிப்பாட்டி வெள்ளை உடுத்தியது துறவிகள். இரவு காவல் இருந்தவள் அவள் மட்டுமே.

காகேமுனே சவ அறைக்குள் போனார். போனால் தீட்டு, ஒரு மாதம் அரண்மனைப் பக்கம் தலைகாட்டக்கூடாது. தூதர் வாசலைத் தாண்டாததும் அதனால்தான். காகேமுனே சவத்தின் கழுத்தோரத்தைப் பார்த்தார். இடது மடிப்பு மேலே இருந்தது. சிகுசாவின் அருகே உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்கதானே எடுத்தது?"

சிகுசா விளக்குத் திரியைத் தூண்டினாள்.

"உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் இடது மடிப்பு மேல வரும். செத்தவங்களுக்கு வலது. துறவிங்க இதுல தப்பு பண்ண மாட்டாங்க. யாரோ அவிழ்த்து மறுபடி கட்டியிருக்காங்க. தினமும் அவருக்கு உடுத்திவிட்ட கை, பழக்கத்துல போயிடுச்சு. கோடையில பெட்டிக்குள்ள வெறும் துணியை வெச்சீங்க. அங்கி இந்த வெள்ளைக்குள்ள இருக்கு."

"அப்பவே அவருக்குக் காய்ச்சல் விடலை. பிழைக்க மாட்டார்னு தெரிஞ்சுபோச்சு. எரியறப்பவாவது மன்னரா எரியட்டும்னு... காவல்காரன் தலை போகும்னு சத்தியமா நினைக்கலை. என்னை இழுத்துட்டுப் போங்க ஐயா. அவரை மட்டும் அவிழ்க்காதீங்க."

காகேமுனே எழுந்தார். வெள்ளையின் வலது மடிப்பை எடுத்து மேலே போட்டுச் சரிசெய்துவிட்டு வாசலுக்குப் போனார்.

"அங்கி அவர் உடம்பு மேலயே இருக்கு. உள்ள வந்து கழட்டிக்கோங்க."

தூதர் பதறிப் பின்வாங்கினார். "ஐயையோ! பிணம் தொட்டதை அரண்மனைக்குள்ள எப்படிய்யா கொண்டுபோறது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

தூதர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "சரி, தீட்டுப்பட்டுது, எரிச்சாச்சுன்னு சொல்லிடறேன். காவல்காரனை விட்டுடு. உடுத்திவிட்டது யாரு?"

"தெரியலை. எனக்குக் கண்ணு சரியில்லை."

"நீயும் தீட்டு. ஒரு மாசம் வேலைக்கு வராதே."

"அப்பாடா," என்றார் காகேமுனே.

சாயங்காலம் மழை விட்டது. அரண்மனைக் கணக்கில் ஓர் இளவரசர் எரிந்தார். வெள்ளைத் துணி கருகி விலகியபோது, தீக்குள் ஒரு கணம் மஞ்சள் தெரிந்தது. சிகுசா தரையில் நெற்றி பட விழுந்தாள். யசபுரோவும் விழுந்தான். முழங்காலைத் திட்டிக்கொண்டே காகேமுனேயும் மண்டியிட்டார்.