நான்காம் தொட்டியின் ஊதாப் பஞ்சு

அக்டோபர், திங்கட்கிழமை, காலை ஏழரை மணி.

விஸ் தீவில், கொமிஷா ஊர்க் கடலாய்வு நிலையத்தின் நான்காம் தொட்டியில் விளக்கு எரிந்தது, பம்ப் ஓடியது, தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த கடற்பஞ்சை மட்டும் காணவில்லை.

முதலில் பார்த்தவள் வின்கா. அந்தப் பஞ்சைக் கடலிலிருந்து கொண்டுவந்த ஆராய்ச்சியாளர் அவள்தான். கத்தவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு, இல்லாததைத் தடவிப் பார்த்தாள்.

பெரிய ரொட்டி அளவில், கத்தரிக்காய் நிறத்தில் இருந்த உயிர் அது. ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமியை அதன் சாறு அடக்குகிறது என்று அவள் கோடையில் அறிவித்திருந்தாள். தலைநகர் ஸாக்ரெபின் ஆய்வுக்கூடத்துக்கு நம்பிக்கை வரவில்லை. கையளவு துண்டு ஒன்றை அனுப்பு, நாங்களே சோதிக்கிறோம் என்று கேட்டார்கள். புதன்கிழமை அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை பஞ்சே இல்லை. ஊர் என்ன பேசும்? புளுகியவள் சாட்சியை ஒழித்துக்கட்டிவிட்டாள் என்றுதான் பேசும், பேசியது.

தீவின் மறுபக்கம் உள்ள விஸ் நகரக் காவல் நிலையத்திலிருந்து இன்ஸ்பெக்டர் பெரினா ஜுவானிச் மலைச்சாலை வழியாக வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கோடையில் சுற்றுலாக்காரர்களின் கைப்பை, குளிர்காலத்தில் திராட்சைத் தோட்டத்து வேலித் தகராறு, இவைதான் அவருடைய வழக்கமான குற்றங்கள். நிலையத்தின் இயக்குநர் நிக்ஷா பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

"பாத்திரம் தேய்க்கிற பஞ்சா, நிக்ஷா?"

"கிண்டல் பண்ணாத பெரினா. இது உயிருள்ளது."

"நம்ம வகுப்புல நீயும்தான் உயிரோட இருந்த. உன்னை யாரும் திருடலையே."

நிக்ஷா சிரிக்கவில்லை. பெரினா வேலையைத் தொடங்கினார்.

"சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட, வின்காகிட்ட, யெர்கோகிட்ட. பூட்டு உடைக்கலை."

யெர்கோ நிலையத்தின் இன்னோர் ஆராய்ச்சியாளர். நாற்பது வயது. தீவைச் சுற்றியுள்ள கடற்குகைகளில் அவர் மூழ்கிப் பார்க்காதது ஒன்றுமில்லை.

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க, யெர்கோ?"

"அம்மா வீட்ல. மத்தி சுட்டுச் சாப்பிட்டோம். அம்மாவைக் கேட்டுக்கங்க."

"அம்மாக்கள் சொல்றதை நான் சாட்சியா எடுத்துக்கறதில்லை." பெரினா வின்காவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அதைச் சும்மா கையில தூக்கிட்டுப் போயிடலாமா?"

"முடியாதுக்கா. தண்ணியை விட்டு வெளிய எடுத்தா உடம்பு பூரா இருக்கிற துளையில காத்து ஏறிடும். அப்புறம் உள்ளுக்குள்ளயே அழுகிச் செத்துரும். வாளியைத் தொட்டிக்குள்ள முக்கி, தண்ணியோட தண்ணியாத்தான் எடுக்கணும்."

பெரினா தொட்டியின் கண்ணாடியைப் பார்த்தார். தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் கண்ணாடியில் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கும் இடையே நான்கு விரற்கடை ஈரம் இருந்தது.

"இது தினமும் இவ்வளவு குறையுமா?"

"கோடு வரைக்கும் நேத்து சாயங்காலம் நான்தான் நிரப்பினேன்" என்றார் நிக்ஷா. "கொஞ்சம் ஆவியாப் போயிருக்கும்."

"ஒரே ராத்திரியிலயா? நாம என்ன தண்ணியை அடுப்புலயா வச்சிருக்கோம்?"

பெரினா குறைந்த அளவைக் குறித்துக்கொண்டார். அதற்குமேல் கேட்கவில்லை. மூவர் வீட்டிலும் சோதனை நடந்தது. ஒன்றும் அகப்படவில்லை. வழக்கு அப்படியே கிடந்தது.

குளிர்காலம் வின்காவுக்குக் கொடுமையாகப் போனது. அவள் வேலை ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது, நீட்டிக்கப் போவதில்லை என்று நிக்ஷா சொல்லிவிட்டார். துறைமுகக் காப்பிக்கடையில் அவள் மேசைக்கு யாரும் வருவதில்லை. புளுகி என்று பெயர் எடுத்தவளுக்கு வேறு எந்த ஊர் ஆய்வுக்கூடமும் கதவு திறக்காது. அவளுக்குத் தெரிந்த வேலையோ இது ஒன்றுதான்.

ஏப்ரல், வியாழன், பிற்பகல்.

யெர்கோ ஒரு செய்தியோடு வந்தார். பக்கத்துத் தீவான பிஷேவோவின் பின்பக்கத்தில் வெளிச்சமே புகாத குகை ஒன்றில் அவருக்கு ஒரு பஞ்சு கிடைத்ததாம். அதன் சாற்றை ஒரு குப்பியில் அடைத்து பிப்ரவரியிலேயே ஸாக்ரெபுக்கு அனுப்பினாராம். அதே கிருமி அடங்கிவிட்டது என்று அவர்கள் முத்திரை குத்திப் பதிலும் அனுப்பிவிட்டார்கள். பஞ்சைக் கொண்டுவந்து நான்காம் தொட்டியிலேயே வைத்தார். பாலைப் போல வெள்ளையாக இருந்தது.

வின்கா ஒரு முறைதான் பார்த்தாள். நேராக பெரினாவுக்குப் போன் செய்தாள்.

"அது என்னோடதுக்கா."

பெரினா வந்தபோது யெர்கோ கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "பாவம், கண்ணும் போச்சு போல. உன்னோடது ஊதா, வின்கா. ஊருக்கே தெரியும்."

"ஊதா அதோட நிறமில்லை" என்றாள் வின்கா, இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "அதுக்குள்ள குடியிருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிரோட நிறம். வீடு பஞ்சு, குடித்தனக்காரங்க அவங்க. அவங்களுக்கு வெயில் வேணும். ஆறு மாசம் இருட்டுல வச்சா குடித்தனம் செத்துப் போயிரும், வெறும் வெள்ளை வீடு மட்டும் உயிரோட நிக்கும்."

"சரியாத்தான் சொல்றா" என்றார் நிக்ஷா. "ஆனா குகையில பிறந்து வளர்ந்த பஞ்சும் வெள்ளையாத்தான் இருக்கும். இது வெளுத்ததா, பிறவியிலயே வெள்ளையான்னு யார் சொல்ல முடியும்?"

வின்கா பெரினாவின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "என்கிட்ட ஒரு துண்டு இருக்கு. ஊதாத் துண்டு. படகுத்துறைக்குக் கீழ கயித்துல கட்டி வளர்த்துக்கிட்டிருக்கேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்றார் பெரினா.

"சொல்லியிருந்தா அதுவும் காணாமப் போயிருக்கும்."

"அனுப்பு, ஸாக்ரெப்ல அரைச்சுப் பார்க்கட்டும்" என்றார் நிக்ஷா.

"கட்டைவிரல் அளவுதான் சார் இருக்கு. முழுசையும் அரைச்சாத்தான் ஒரு சோதனைக்கு வரும். அதோட தீர்ந்துச்சு. அந்தக் குடித்தனம் உலகத்துலயே வேற எங்கயும் இல்லை, எத்தனை பஞ்சு தேடியிருக்கேன் தெரியுமா?" அவள் குரல் உடைந்தது. "ஆனாலும் அரைக்கிறேன். எனக்கு வேற வழி இல்லை."

"கொஞ்சம் பொறு" என்றார் பெரினா. "கொல்லாம ஒரு சோதனை இருக்கா? ரெண்டும் ஒரே ரத்தம்தானான்னு தெரியற மாதிரி."

வின்கா நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கு. ஒரே பஞ்சோட ரெண்டு துண்டை வெட்டுவாய் படும்படி சேர்த்துக் கட்டினா ஒண்ணா வளர்ந்துரும். வேற பஞ்சோட துண்டுன்னா சேராது. தொட்ட இடம் பழுப்பாச் செத்து, நடுவுல சுவர் மாதிரி நிக்கும்."

யெர்கோவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான், போகவில்லை.

நிக்ஷா தானே மூழ்கி, குகையிலிருந்து இன்னொரு வெள்ளைப் பஞ்சின் துண்டைக் கொண்டுவந்தார். யெர்கோவின் பஞ்சில் இரண்டு இடத்தில் கீறி, ஒருபக்கம் வின்காவின் ஊதாத் துண்டையும் மறுபக்கம் குகைத் துண்டையும் கட்டினார்கள். அதே பஞ்சிலிருந்து ஒரு பிடி நறுக்கி, அதன் சாற்றைக் கிருமியின்மேல் விட்டுப் பார்க்கும்படி நிக்ஷாவைப் பெரினா கேட்டுக்கொண்டார். அறைக்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

மே, வெள்ளி, முற்பகல்.

நால்வரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். குகைத் துண்டு இருந்த பக்கம் பழுப்பாய் ஒரு தழும்பு, துண்டு விலகித் தொங்கியது. மறுபக்கம் கட்டிய நூலை வின்கா அவிழ்த்தாள். ஊதாவும் வெள்ளையும் பிரியவில்லை. எங்கே வெட்டினோம் என்றே தெரியவில்லை.

"திருடினது நீங்கதான், யெர்கோ" என்றார் பெரினா.

"நல்லா இருக்கே. இவளோட பஞ்சுல ஒரு துண்டு அலையில உடைஞ்சு எப்பவோ குகைக்குள்ள போய் வளர்ந்திருக்கலாம். ஒரே ரத்தமாத்தான் இருக்கும். நான் எடுத்தது குகையிலதான்."

"இருக்கலாம்" என்றார் பெரினா. "குகைக்குள்ள வளர்ந்ததுன்னா எப்பவுமே வெள்ளைதான், இல்லையா?"

"ஆமா."

"நிக்ஷா, சாறு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. கிருமி அது பாட்டுக்கு வளருது. மூணு தடவை பண்ணிட்டேன்."

பெரினா யெர்கோவின் பக்கம் திரும்பினார். "அப்படின்னா மருந்து செய்யறது வீடு இல்லை, அந்த ஊதாக் குடித்தனக்காரங்க. வெள்ளைப் பஞ்சுல மருந்து இல்லை. ஆனா நீங்க அனுப்பின குப்பியில இருந்திருக்கு. அப்போ குப்பியில இருந்தது ஊதாப் பஞ்சோட சாறு. ஊதா உங்களுக்கு எங்க கிடைச்சது?"

யெர்கோ கதவின் பக்கம் ஓர் அடி நகர்ந்தார்.

"திருடின அன்னைக்கே கொஞ்சம் நறுக்கிச் சாறு எடுத்துட்டீங்க. மீதியை அடையாளம் தெரியாம இருக்கக் குகையில போட்டு வெளுத்தீங்க. வெளுத்ததுக்கு அப்புறம் ஒரு தடவையாவது சோதிச்சுப் பார்த்தீங்களா?"

சோதிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இனி இந்த ஆளுக்கு 'அவர்' என்ற மரியாதை வேண்டாம். மறைக்கச் செய்த காரியத்தால், திருடிய சரக்கையே அவன் கொன்றிருந்தான்.

"உனக்கு முதல்லயே சந்தேகமா?" என்று கேட்டார் நிக்ஷா.

"வின்கா எடுக்கலைன்னு முதல் நாளே தெரியும். தொட்டியில ஒரு வாளித் தண்ணி குறைஞ்சிருந்துச்சு. எடுத்தவன் பஞ்சு மேல காத்து படக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்து எடுத்திருக்கான். புளுகை மறைக்கிறவளுக்கு அது செத்தாத்தானே நல்லது? பொத்திப் பொத்தி எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்? ஆனா எடுத்தது யாருன்னு காட்ட ஆதாரம் இல்லை. நீ ஆவியாப் போச்சுன்னு சொன்ன. எட்டாம் வகுப்புலயும் விஞ்ஞானத்துல இப்படித்தான்."

நிக்ஷாவுக்குக் காது சிவந்தது. வின்காவின் முன்னால் போய் நின்றார். "என்னை மன்னிச்சிரு. ஒப்பந்தம் தொடரும். ஆனா..." தயங்கினார். "ஸாக்ரெப்காரங்க இன்னும் உன் கண்டுபிடிப்பை ஒத்துக்கலையே. திருட்டு நடந்துச்சுன்னு நிரூபிச்சாச்சு, மருந்து இருந்துச்சுன்னு நிரூபிக்கணும்ல. அந்தத் துண்டை..."

வின்கா தலையசைத்தாள். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கத்தியை எடுக்கக் கை நீட்டியும்விட்டாள். கண் நிறைந்திருந்தது.

"என்னம்மா பண்ற?" என்றார் பெரினா. "உன் பஞ்சோட சாறை ஸாக்ரெப்ல பிப்ரவரியிலயே சோதிச்சு, சரிதான்னு முத்திரை குத்திட்டாங்களே. இந்தப் புண்ணியவான்தான் தன் செலவுல அனுப்பி வச்சான்."

யெர்கோ தரையைப் பார்த்தான். வின்காவுக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். இணைந்த இடத்தைத் தாண்டி, வெள்ளைக்குள் நகத்தளவு ஊதா இறங்கியிருந்தது.

"அப்போ இதை அரைக்க வேண்டாம்" என்றாள்.